நீரில் மிதக்கும் ஊனுண்ணி: பைச்செடியை இனம்காணவும் தொட்டியில் வளர்க்கவும்

பைச்செடியைச் சாகடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. சத்தாக இருக்கட்டும் என்று தொட்டியில் ஒரு கைப்பிடி மண்புழு உரத்தைப் போட்டால் போதும். பத்து நாளில் தண்ணீர் பச்சையாகும். இருபதாம் நாள் நூல்பாசி செடியைச் சுற்றிக்கொள்ளும். ஒரு மாதத்தில் செடி இருந்த இடம் தெரியாது. மற்ற செடிகளை வளர்த்துப் பழகிய கை இங்கே அடக்கி வாசிக்க வேண்டும். இது சத்தில்லாத தண்ணீரில் வாழப் பழகிய செடி. தண்ணீரில் கிடைக்காத தழைச்சத்தையும் மணிச்சத்தையும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்று ஈடுகட்டுகிறது. ஆகவே செடியைக் கவனிப்பதைவிடத் தண்ணீரை ஏழையாக வைத்திருப்பதுதான் முக்கிய வேலை.

பாடப்புத்தகத்தில் யூட்ரிகுலேரியா என்று படித்திருப்பீர்கள். 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர். லத்தீனில் சின்னத் தோல்பை என்று பொருள். இந்தப் பேரினத்தில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஈரமண்ணிலும் நீர் கசியும் பாறையிலும் வாழ்பவை. கேரளத்தில் ஓணப் பூக்களத்துக்குப் பறிக்கும் நீலநிறக் காக்காப்பூ அந்த வகை. அதைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அழுகிவிடும். இங்கே சொல்வதெல்லாம் குளத்திலும் வயலிலும் மிதந்து வாழும் இனங்களுக்கு மட்டும்.

பை எப்படி வேலை செய்கிறது

இந்தச் செடிக்கு வேரே கிடையாது. முளைக்கும்போதும் வேர் விடாது. நீளமான ஓடுதண்டும், அதிலிருந்து மயிர்போலப் பிரியும் இலைக்கிளைகளும், அவற்றில் ஒட்டிய பைகளும்தான் மொத்த உடல். எது தண்டு, எது இலை என்று கோடு கிழிப்பது தாவரவியலாளர்களுக்கே சிரமம். பை பெரும்பாலும் 1 முதல் 4 மில்லிமீட்டர். கடுகைவிடச் சின்னதிலிருந்து மிளகு அளவு வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

பையின் சுவர் இரண்டே செல் தடிமன். உள்ளிருக்கும் தண்ணீரைச் சுரப்பிகள் இடைவிடாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கும். அதனால் உள்ளே அழுத்தம் குறைந்து, பையின் இரு பக்கமும் ஒட்டிய கன்னம்போல் குழிந்துவிடும். வாயில் ஒரு கதவு, கதவின் வெளிப்புறம் சில தூண்டுமயிர்கள். நீர்ப்பூச்சி ஒன்று அந்த மயிரில் இடித்தால் கதவு உள்நோக்கி மடங்கும். பை சட்டென்று உப்பும். தண்ணீரோடு பூச்சியும் உள்ளே போய்விடும், கதவு மூடிக்கொள்ளும். 2011-இல் பிரான்சின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் இதைப் படம்பிடித்தார்கள். உறிஞ்சல் 1 மில்லிவிநாடிக்குள் முடிகிறது. உள்ளே பாயும் நீரின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 600 மடங்கு வரை போகிறது. பிறகு தண்ணீரை மறுபடி இறைத்து, பொறி அடுத்த வேட்டைக்குத் தயாராக 15 முதல் 30 நிமிடம் ஆகும்.

வளர்ப்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. இரைக்காகச் செலவழிக்கும் சக்தி செடிக்குப் பெரிய சுமை. தண்ணீரிலேயே சத்து கிடைத்துவிட்டால் அது பை செய்வதைக் குறைத்துக்கொள்ளும். புதுக்கிளைகளில் பை குறைகிறது என்றால் செடி சோம்பேறியாகிவிட்டது என்று பொருளல்ல, உங்கள் தண்ணீர் பணக்காரத் தண்ணீராகிவிட்டது என்று பொருள்.

எங்கே, எப்போது தேடுவது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த பிறகு, மார்கழியிலிருந்து மாசி வரை தேட ஏற்ற காலம். மானாவாரி ஏரியின் ஓரம், கோரையும் அல்லியும் நிற்கும் முழங்கால் ஆழம், உரம் அதிகம் போடாத நெல்வயல், மழைநீர் தேங்கிய பள்ளம் ஆகிய இடங்களைப் பாருங்கள். இலையே இல்லாமல் ஒல்லியான ஒரு காம்பு தண்ணீருக்கு மேல் நின்று, நுனியில் மஞ்சள் பூ இருந்தால் பக்கத்தில் போங்கள். பூவுக்கு இரண்டு உதடுகள், பின்னால் ஒரு கொம்பு. அடியில் கையை விட்டுத் தூக்கினால் பச்சைக் கற்றை வரும், அதில் பைகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

ஓடும் நீரில் தேடவே வேண்டாம். சாக்கடை கலந்து ஆகாயத்தாமரை மூடிய ஏரியிலும் நேரத்தை வீணாக்காதீர்கள். ஆகாயத்தாமரை கொழிப்பதே தண்ணீரில் சத்து மிகுந்திருப்பதற்கு அடையாளம். முன்பு பைச்செடி இருந்த பல ஏரிகளில் இன்று அது இல்லாததற்குக் காரணம் கேட்டால், முதலில் அந்த ஏரியில் வந்து சேரும் கால்வாயைத்தான் பார்க்க வேண்டும்.

பூ இல்லாத செடியை ஹார்ன்வர்ட், கபோம்பா, காரா பாசி ஆகியவற்றோடு குழப்பிக்கொள்வது சகஜம். ஹார்ன்வர்ட்டின் இலை தொட்டால் சொரசொரக்கும், தண்டைச் சுற்றி வட்டமாக அடுக்கியிருக்கும். காரா பாசியைக் கசக்கினால் வீச்சம் அடிக்கும். இவை எதிலும் பை இருக்காது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எந்த இனம்

நம் பக்கத்துத் தண்ணீரில் நான்கு பெயர்கள் தெரிந்தால் போதும். யூட்ரிகுலேரியா ஆரியா பெரியது. ஓடுதண்டு 1 மீட்டர்கூடப் போகும், நரிவால்போல் அடர்ந்த கற்றை, பொன்மஞ்சள் பூ. காம்பில் பெரும்பாலும் மிதவை இருக்காது. காய்த்த பிறகு காய்க்காம்பு கீழ்நோக்கி வளையும். ஸ்டெல்லாரிஸ் என்பதும் மஞ்சள் பூதான், ஆனால் பூக்காம்பின் நடுவில் பஞ்சுபோன்ற மிதவைகள் நட்சத்திரமாக விரிந்து, காம்பைத் தண்ணீர் மட்டத்தில் தாங்கி நிற்கும். இன்ஃப்ளெக்சாவுக்கும் அப்படி மிதவை உண்டு, கொஞ்சம் நீளமானது. பூ பெரும்பாலும் வெளுத்து, ஊதாக் கோடுகளோடு இருக்கும்.

நான்காவது கிப்பா. தையல் நூலைவிட மெல்லியது, பின்னிக்கொண்டு பாய்போல் படரும். இலை ஓரிரு கிளையாகப் பிரிவதோடு சரி. பூ சுண்டுவிரல் நக அளவு, மஞ்சள். விரல் ஆழத் தண்ணீரிலும், நீர் வற்றிய சேற்றிலும்கூடத் தாக்குப்பிடிக்கும். அல்லித் தொட்டி வாங்கினால் அதோடு இது சொல்லாமல் வந்து சேர்வதும் உண்டு. புதிதாக வளர்ப்பவர் இதில் தொடங்குவது நல்லது, தவறுகளை அதிகம் பொறுக்கும். இதன் மரபணுத் தொகுப்பு 2013-இல் வெளியானபோது பேசப்பட்டது. மொத்தமே சுமார் 8.2 கோடி டிஎன்ஏ எழுத்துகள்தான். பூக்கும் தாவரங்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. ஆனாலும் மரபணுக்களின் எண்ணிக்கை மற்ற செடிகளுக்குக் குறைந்ததல்ல.

எடுத்து வருவது

சரணாலயத்திலும் காப்புக்காட்டிலும் ஒரு கிளைகூடத் தொடக்கூடாது, சட்டப்படி குற்றம். உலக முக்கியத்துவம் பெற்ற ராம்சர் சதுப்புநிலத்திலும் எடுக்காதீர்கள். வேறு இடமானாலும் ஏரிக்காரரிடமோ வயல்காரரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். 10 முதல் 15 செ.மீ. நீளத்தில் மூன்று நான்கு நுனிகள் போதும், முழுக்கற்றை தேவையில்லை. செடி நுனியில் வளர்ந்துகொண்டே போக, அடிப்பகுதி அதே வேகத்தில் அழுகிக்கொண்டே வரும். நன்றாக வளரும் காலத்தில் பெரிய இனங்கள் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கணு விடும். சுருண்டு பச்சையாக இருக்கும் நுனிமொட்டு உடைந்துவிட்டால் மீதிக் கற்றை எவ்வளவு நீளமாக இருந்தாலும் பக்கக்கிளை விட்டுத் தேறுவதற்கு நாளாகும்.

ஈரச் செய்தித்தாளில் சுற்றாதீர்கள். தண்ணீரைவிட்டு மேலே தூக்கியதும் பைகள் படபடவென்று வெடித்துக் காற்றை உறிஞ்சும். காது கொடுத்தால் அந்தச் சத்தம் கேட்கும். காற்று அடைத்த பைகள் வேட்டைக்கு உதவாது, செடியும் தலைகீழாக மிதக்கும். வாய் அகன்ற டப்பாவை ஏரித் தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்தி, செடியை உள்ளே தள்ளி, தண்ணீரோடு எடுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒரு மணி நேரம் இருந்தாலே வெந்துவிடும்.

தண்ணீர்

முதல் தேர்வு மழைநீர். மாடியில் முதல் மழையை ஓடவிட்டு, இரண்டாவது மூன்றாவது மழையைப் பிடித்து மூடி வையுங்கள். அடுத்தது ஆர்ஓ தண்ணீர். வீட்டு ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுக்குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். 100-க்குக் கீழே இருந்தால் எல்லா இனத்துக்கும் சரி. 100 முதல் 200 வரை கிப்பாவும் ஆரியாவும் சமாளிக்கும். ஊர்ப்புறத்து ஆழ்துளைக் கிணற்றில் 800, 1000 என்று காட்டும் தண்ணீரைச் செடி ஓரிரு வாரம் தாங்குவதுபோல் தெரியும், பிறகு நுனி வெளுத்துச் சுருங்கும்.

உப்புத் தண்ணீர் ஆகாததற்கு உப்பு மட்டும் காரணமல்ல. ஹைட்ரில்லா போன்ற நீர்ச்செடிகள் தண்ணீரில் கரைந்த பைகார்பனேட்டிலிருந்தும் கரியை, அதாவது கார்பனை, எடுத்துக்கொள்ளும். நீர்வாழ் ஊனுண்ணிகளால் அது முடியாது, கரைந்த கரியமில வாயுவைத்தான் எடுக்கும். கடினத் தண்ணீரில் காரத்தன்மை ஏறும்போது அந்த வாயு பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. தண்ணீர் நிறையக் கரி இருந்தும் செடிக்குப் பட்டினி. ஆகவே அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 5.5-க்கும் 7-க்கும் இடையில் வையுங்கள்.

அந்த வாயுவைக் கொடுப்பதற்குத்தான் சருகு. காய்ந்த கோரை, சம்பு, நாட்டுவாதுமை இலை எதுவானாலும் லிட்டருக்கு 1 முதல் 2 கிராம், அதாவது 40 லிட்டர் தொட்டிக்கு 60 கிராம்போல. நேராகத் தொட்டியில் போடக்கூடாது. தனி வாளியில் ஒரு வாரம் ஊறவைத்து, நடுவில் இரண்டு முறை தண்ணீரைக் கொட்டுங்கள். சருகில் உள்ள சத்து அந்தத் தண்ணீரோடு போய்விடும். மிஞ்சுவது மெல்ல மக்கி, கரியமில வாயுவை விட்டுக்கொண்டிருக்கும், தண்ணீரையும் வெளிர்தேநீர் நிறமாக்கும். அந்த நிறம் வெயிலை மட்டுப்படுத்திப் பாசியையும் அடக்கும். வைக்கோல் வேண்டாம், களைக்கொல்லி தெளித்த வயலா என்று தெரிவதில்லை. கோகோபீட் போடுவதானால் நான்கைந்து முறை கழுவிப் பிழியுங்கள். அதில் பொட்டாசியமும் சோடியமும் நிறைய இருக்கும். கழுவிய தண்ணீரில் மீட்டரை விட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

தொட்டி

ஆழத்தைவிட அகலம் முக்கியம். 25 செ.மீ. தண்ணீர் நிற்கும் 40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி போதுமானது. புதுச் சிமென்ட் தொட்டி சுண்ணாம்பைக் கக்கி பிஎச்சை ஏற்றிவிடும். மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைத்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். மொட்டைமாடியில் கறுப்புத் தொட்டி வைத்தால் சித்திரை மாதத்தில் கைவிட முடியாத சூடு ஏறும். வெளிர்நிறத் தொட்டி, காலை வெயில் நான்கு மணி நேரம், அதற்குப் பிறகு 50 சதவீதப் பச்சை வலை நிழல். இந்த மூன்றும் சேர்ந்தால் சமாளிக்கலாம்.

வரிசை இப்படி: ஊறிய சருகு, மேலே மழைநீர், ஓரத்தில் சின்னத் தொட்டியில் நட்ட ஒரு கோரை அல்லது சம்பு. கோரை அலங்காரத்துக்கு அல்ல, தண்ணீரில் கசியும் சத்தை அது இழுத்துக்கொள்ளும். அந்தச் சின்னத் தொட்டியில் கழுவிய மணல் போடுங்கள், உரமண் வேண்டாம். இரண்டு வாரம் சும்மா விடுங்கள். தண்ணீர் தெளிந்து, நாற்றம் இல்லாமல் இருந்தால் செடியை விடலாம். அழுகிய முட்டை வாசனை வந்தால் சருகு கூடிப்போயிற்று, பாதியை எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த தண்ணீரை மழைநீராலோ ஆர்ஓ நீராலோ மட்டும் நிரப்புங்கள். அடைமழையில் செடி வழிந்து ஓடிவிடாமல், விளிம்புக்கு 3 செ.மீ. கீழே துளை போட்டு நைலான் வலை ஒட்டிவிடுங்கள்.

இரை

ஏரித் தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றினாலே போதும், சைக்ளாப்சும் மற்ற நுண்ணுயிர்களும் வந்துவிடும். ஆனால் அதோடு நூல்பாசியும் நத்தை முட்டையும் வரும். மீன் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் மொய்னா என்ற நீர்ப்பூச்சி இதைவிடச் சுத்தம். அளவும் 1 மில்லிமீட்டரை ஒட்டியது, பைவாய்க்குப் பொருந்தும். மொய்னாவைத் தனித் தொட்டியில் வளர்த்து, மெல்லிய துணியில் வடித்து, மழைநீரில் இரண்டு முறை அலசி, பிறகு விடுங்கள். வளர்த்த தண்ணீரை அப்படியே ஊற்றினால் ஈஸ்டும் பச்சைத் தண்ணீரும் சேர்ந்து தொட்டிக்குள் போய், உரம் போட்டதற்குச் சமமாகிவிடும். 40 லிட்டருக்கு வாரம் ஒரு தேக்கரண்டி வடித்த மொய்னா போதும். நான்கு நாள் கழித்தும் தண்ணீரில் நிறைய நீந்திக்கொண்டிருந்தால் அடுத்த வாரம் விடாதீர்கள்.

மீன் விடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். வேண்டாம். கப்பி மொய்னாவைத் தின்றுவிடும், அதன் கழிவு பாசிக்கு உணவாகும்.

அப்படியானால் கொசு? பைச்செடி கொசுப்புழுவைப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதிகம் சிக்குவது முட்டையிலிருந்து புதிதாக வந்த குஞ்சுப்புழு. வளர்ந்த புழு வாலில் மாட்டிக்கொண்டு பாதி வெளியே தொங்கும், பல தப்பிவிடும். டெங்குக் காலத்தில் செடியை நம்பித் தொட்டியைத் திறந்துவைப்பது பொறுப்பற்ற செயல். தொட்டிமேல் கொசுவலை கட்டுங்கள், அல்லது பிடிஐ எனப்படும் பாக்டீரியா மருந்தை உறையில் போட்ட அளவுக்குள் போடுங்கள். அது செடியையும் மொய்னாவையும் பாதிக்காமல் கொசுப்புழுவைக் கொல்லும். டெமிபாஸ் என்ற ரசாயனக் கொசுப்புழு மருந்தைப் போட்டால் மொய்னாவும் சேர்ந்து செத்துவிடும்.

கெட்டுப்போகும்போது

பத்துக்கு ஏழு தொட்டி நூல்பாசியில்தான் போகிறது என்று தாராளமாகச் சொல்லலாம். தொடக்கத்திலேயே பல்துலக்கும் பிரஷ்ஷைச் சுழற்றிச் சுழற்றி எடுத்துவிடுங்கள். நன்றாகப் பின்னிக்கொண்டுவிட்டால் கற்றையைக் காப்பாற்ற முயலாதீர்கள். பாசியில்லாத நுனிகளை 5 செ.மீ. அளவில் கிள்ளி, மழைநீரில் அலசி, புதுத் தொட்டியில் தொடங்குவதுதான் விரைவு. மயில்துத்தம் (தாமிர சல்பேட்) போட்டால் பாசி சாகும் என்று யாராவது சொல்வார்கள். தாமிரம் மொய்னாவை முதலில் கொல்லும், அளவு மீறினால் செடியையும். பாதித் தண்ணீரை மாற்றுவது, நிழலைக் கூட்டுவது, இரையைக் குறைப்பது, இந்த மூன்றையும் சேர்த்துச் செய்தால்தான் பலன்.

நீரைப் பச்சையாக்கும் மிதவைப் பாசிக்குக் கவலை வேண்டாம், மொய்னா அதைத் தின்றுவிடும். அசோலாவும் மற்ற சின்ன மிதவைச் செடிகளும் மேற்பரப்பை மூடினால் வாரம் ஒருமுறை அரித்து எடுங்கள். எடுத்ததைத் தொட்டிக்குள் மக்கவிடாமல் வெளியே போட்டால் அதோடு சத்தும் வெளியேறும். பெரிய குளத்து நத்தைகள் நுனியைக் கடிக்கும். புதிதாக வாங்கும் எந்த நீர்ச்செடியையும் இரண்டு வாரம் தனியே வைத்துப் பாருங்கள்.

அடிப்பகுதி பழுப்பாகி, பழைய பைகள் கறுத்தால் பதற வேண்டாம், அது வயது. நுனி மஞ்சளானால்தான் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். பூ வரவில்லை என்பதும் நோயல்ல. பெரும்பாலும் வெயில் போதவில்லை. தண்ணீர் மட்டத்தை மெல்ல இறக்கினால் கிப்பா பெரும்பாலும் பூத்துவிடும்.

பையைப் பார்ப்பது

கடிகாரக் கண்ணாடி அல்லது சின்னக் கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை எடுத்து, பைகளோடு ஒரு இலைக்கிளையைத் தண்ணீருக்குள்ளேயே வெட்டி, மாற்றுங்கள். காற்றில் தூக்காதீர்கள். அரைமணி நேரம் அசைக்காமல் வைத்தால் பைகள் தயாராகும். கன்னம் குழிந்த பை தயார், உப்பிய பை இப்போதுதான் வெடித்தது. பல்குச்சியின் முனையில் ஒரு கண்ணிமை மயிரை ஒட்டி, 10 அல்லது 20 மடங்கு லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே கதவருகே உள்ள மயிரைத் தொடுங்கள். அசைவு கண்ணுக்குத் தெரியாது. குழிந்திருந்தது உப்பியிருக்கும், அவ்வளவுதான். 1875-இல் டார்வின், பூச்சிகள் தாமே கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவதாக நினைத்ததற்கு அவரைக் குறைசொல்ல முடியாது.

பையைப் பிளந்து மைக்ரோஸ்கோப்பில் 100 மடங்குக்கு மேல் வைத்தால், உட்சுவரில் நான்கு கை விரித்த சுரப்பிகள் வரிசையாகத் தெரியும். செரிக்கும் நொதிகளுக்கும் சத்தை உறிஞ்சுவதற்கும் அவைதான். பூச்சி எதுவும் சிக்காத பழைய பையில் பாசியும் நுண்ணுயிர்களும் உயிரோடு சுற்றிக்கொண்டிருப்பதையும் காணலாம்.

செடி பெருகி மிஞ்சும்போது அருகிலுள்ள குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். கிப்பா நியூசிலாந்தில் பரவிக் களையாகிவிட்டது. நம் ஊர்ச் செடிதானே என்றாலும் உங்கள் தொட்டியின் நத்தையும் பாசியும் அதோடு போய்ச் சேரும். மிஞ்சியதை வெயிலில் நன்றாகக் காயவைத்து மண்தொட்டிக்கு எருவாகப் போடுங்கள், அல்லது நுனிகளைக் கிள்ளி, தண்ணீரோடு டப்பாவில் போட்டு, கேட்பவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது தண்ணீரின் டிடிஎஸ் அளவை டப்பாமேல் எழுதிவிடுங்கள்.